முளைப்பாரி போடுறது எப்படி: விதை வாங்குறதுல இருந்து கண்மாய்ல கரைக்கிற வரைக்கும்

அம்மன் திருவிழாவுக்கு சட்டில பயறு முளைக்க வச்சு, தலைல தூக்கிட்டு போய் தண்ணில கரைக்கிறது தான் முளைப்பாரி. அது ஒழுங்கா வளரலன்னா ஊர்ல மொத வர்ற கேள்வியே "அது யாரு வீட்டு பாரி?"ங்கிறது தான். அடுத்து அந்த வீட்டு பொம்பளைங்க விரதத்துல என்ன கொறை வச்சாங்க, யாரு தீட்டோட உள்ள போனாங்கன்னு பேச்சு ஓடும், ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. விதை போன வருஷத்துதா, சட்டில ஓட்டை இருந்துச்சா, எத்தன தடவ தண்ணி ஊத்துனீங்கன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சாமி மேல எனக்கு நம்பிக்கை உண்டு, காப்பு கட்டுனா விரதமும் இருப்பேன், ஆனா பாரி ஓங்கி வர்றதும் அழுகிப் போறதும் விதை, தண்ணி, இருட்டு, காத்து இந்த நாலுல தான் இருக்கு, எந்த வீட்டு பொம்பள மேலயும் இல்ல. அத மனசுல வச்சுகிட்டு படிங்க, மொத தடவ போடுறவங்களுக்கும் சரி, டவுன்ல பிளாட்ல இருந்துகிட்டு திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு போறவங்களுக்கும் சரி, இது போதும்.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், திண்டுக்கல் பக்கம் மாரியம்மன், காளியம்மன், முத்தாலம்மன் கோயில் பொங்கல்னா முளைப்பாரி இல்லாம இருக்காது. சில ஊர்ல பங்குனி, சில ஊர்ல சித்திரை வைகாசி, சில ஊர்ல ஆடி, இன்னும் சில ஊர்ல புரட்டாசி, மாசம் ஊருக்கு ஊரு மாறும். காவிரிக்கரைல ஆடி 18க்கு ஆத்துல கரைக்கிறதுக்குன்னே வீட்ல சின்னதா வளப்பாங்க. மதுரை மீனாட்சி கோயில்லயே ஆடி மாசம் முளைக்கொட்டு திருவிழான்னு 10 நாள் நடக்கும். பழக்கம் ரொம்ப பழசு, சிலப்பதிகாரத்துல கோவலன் கண்ணகி கல்யாணத்துலயே பாலிகை (முளை வளத்த சட்டி) ஏந்திகிட்டு பொண்ணுங்க வர்றாங்க. இன்னைக்கும் சில சமூகத்து கல்யாணத்துல பாலிகை தெளிக்கிறது இருக்குல்ல, அதுவும் இதுக்கு சொந்தம் தான்.

மொதல்ல நாள் கணக்கு

பாரி தூக்குற நாள்ல இருந்து பின்னாடி எண்ணிகிட்டு வாங்க. பெரும்பாலான ஊர்ல செவ்வாய்க்கிழமை காப்பு கட்டி முத்து போட்டு (சட்டில விதை போடுறது தான் முத்து போடுறது), அடுத்த செவ்வாய் இல்லன்னா புதன் பாரி எடுப்பாங்க, அதாவது கையில இருக்கிறது 7, 8 நாள். பங்குனி சித்திரை வெயில்ல இது தாராளம், ஒரு சாணுக்கு மேலயே வந்துரும். ஐப்பசி மாதிரி மழை குளிர்ல விழா இருந்தா முளை மெதுவாத்தான் வரும், அப்ப ஊர் பெரியவங்ககிட்ட பேசி ரெண்டு நாள் முன்னாடி முத்து போட முடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா விதைய ஊற வைக்கிறத மட்டும் முன்னாடி தள்ளிக்கலாம், அதுக்கு பெரும்பாலும் தடை இருக்காது.

காப்பு கட்டிட்டா ஊருக்குள்ள சில கட்டுப்பாடு இருக்கும். கவுச்சி கெடையாது, தாளிக்க மாட்டாங்க, வெளியூர் போனாலும் ராத்திரி தங்காம வந்துரணும். வேலைக்கு வெளியூர் போற வீடுங்களுக்கு இது கஷ்டம் தான். இப்ப பல ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் முழு விரதம் இருந்தா போதும்னு தளத்திட்டாங்க. உங்க ஊர்ல எப்படின்னு காப்புக்கு முன்னாடியே கேட்டுக்கங்க, பாதில கேட்டா தேவையில்லாத சண்டை வரும்.

விதை

எல்லாத்தையும் விட இது தான் முக்கியம், இதுல கோட்டை விட்டுட்டு அப்பறம் என்ன பண்ணாலும் சரியா வராது.

கடைல "நவதானியம்"னு ஒரு சின்ன பாக்கெட் விப்பாங்க, பூஜைல தட்டுல பரப்பி வைக்கிறதுக்கு அது சரி, முளைப்பாரிக்கு வாங்காதீங்க. அது எந்த வருஷத்து தானியம்னு விக்கிறவருக்கே தெரியாது, பாதி வண்டடிச்சிருக்கும், எள்ளும் கோதுமையும் கலந்து கெடக்கும். முளைப்பாரிக்கு நெசமா உழைக்கிறது தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு இந்த மூணு தான். இருட்டுல வளர்ற முளைக்கு வெயில் கெடையாது, அது சாப்பிடுறது பூரா விதைக்குள்ள இருக்கிற சாப்பாட்ட தான். அதனால பருத்த விதையா இருந்தா நெட்டையா வளரும், எள்ளு மாதிரி பொடி விதை ரெண்டு மூணு நாள்ல கையிருப்பு தீந்து சாஞ்சுரும். ஒம்பது தானியமும் இருந்தே ஆகணும்னு வீட்டு பெரியவங்க சொன்னா மத்த ஆற ஒரு பிடி மட்டும் ஓரத்துல தூவிருங்க, சாஸ்திரமும் ஆச்சு.

நட்டநடுவுல கொஞ்சம் சோளம் போடுவாங்க, அது வளையாம குத்துவாக்குல நிக்கும், சுத்தி உள்ள பயறுக்கு ஊணு மாதிரி இருக்கும். சோளத்த பத்தி கடைசில ஒரு எச்சரிக்கை இருக்கு, மறக்காம படிங்க.

விதை எங்க வாங்குறதுன்னா, தெரிஞ்ச விவசாயி வீட்ல இந்த வருஷம் அறுத்தது கெடச்சா அத விட நல்லது இல்ல. கெடைக்கலன்னா மளிகைக் கடைல முழுப்பயறு வாங்கலாம், உடைச்சதோ தோல் நீக்குனதோ முளைக்காது (சிரிக்காதீங்க, பாசிப்பருப்ப ஊற வச்சுட்டு முளைய காணோம்னு தேடுனவங்க உண்டு). விதைக்கடைல விக்கிற சாயம் பூசுன விதைய தொடாதீங்க. ரோஸ் கலர்ல சேப்பு கலர்ல இருக்கும், அது மருந்து கலந்தது. பாரிய சின்ன புள்ளைங்க தலைல தூக்கப் போறாங்க, ஆடு மாடு வாய் வைக்கும், மிச்சம் ஊருணில கரையும், நமக்கு அது வேண்டாம்.

வாங்குன உடனே ஒரு டெஸ்ட் பண்ணிருங்க. 100 பயற எண்ணி ஈரத்துணில சுருட்டி வச்சு மூணு நாள் கழிச்சு பிரிச்சு பாருங்க. 85க்கு மேல முளைச்சிருந்தா கண்ண மூடிகிட்டு போடலாம். 70 கிட்டன்னா விதைய கொஞ்சம் கூடப் போடணும். அதுக்கும் கீழன்னா அந்த விதைய சுண்டல் வச்சு சாப்பிட்டுட்டு வேற வாங்குங்க, ஏன்னா முளைக்காத விதை சும்மா கெடக்காது, மண்ணுல ஊறி அழுகி பூஞ்சை பிடிச்சு பக்கத்துல உள்ள நல்ல முளையையும் சேத்து கெடுக்கும். இந்த டெஸ்டுக்காகத்தான் நம்ம முன்னோர் முளைப்பாரியே வச்சாங்க, ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி விதை தரம் பாக்குற விஞ்ஞானம்னு வருஷா வருஷம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்தும். எனக்கு அதுல பாதி தான் நம்பிக்கை. விதை நல்லதான்னு தெரிஞ்சுக்க மூணு நாளும் ஒரு துணியும் போதும், ஒரு வாரம் இருட்டுல வளத்து ராத்திரி பூரா கும்மி அடிக்க வேண்டியதில்ல, அதோட அறுவடை முடிஞ்சு பங்குனில எடுக்குற ஊருக்கு இந்த கணக்கு பொருந்தவும் இல்ல. பச்சை முளைச்சு நிக்கிறத பாத்து சந்தோசப்படுறதுக்கு காரணமே தேவையில்லன்னு விட்டுறலாம்.

இன்னொன்னு, இது ஊர் கமிட்டிக்கு. வீட்டுக்கு வீடு தனித்தனியா விதை கொண்டு வரச் சொல்லாம, மொத்தமா ஒரே எடத்துல வாங்கி, ஒண்ணா கொட்டி கலந்து, எல்லாருக்கும் அதே படியால அளந்து குடுத்துருங்க. பழைய வழக்கம் பல ஊர்ல அதுதான், வீடு வீடா தானியம் வாங்கி அம்மன் முன்னாடி கொட்டி கலந்து தான் பிரிப்பாங்க. அப்படி செஞ்சா ஒரு சட்டி மட்டும் கட்டையா நின்னா விதை மேல பழி போட முடியாது, வீட்டு மேலயும் போட முடியாது, சட்டில தண்ணி நின்னுச்சான்னு பாக்கத்தான் தோணும்.

சட்டி, மண்ணு

முன்னாடி உடைஞ்ச பானையோட அடிப்பாகம், இல்ல குயவர்கிட்ட சொல்லி செஞ்ச அகலமான மண் சட்டி, சில பக்கம் ஓலைப்பெட்டி, மூங்கில் கூடை. இப்ப பிளாஸ்டிக் பேசின் வந்துருச்சு, லேசா இருக்கு, உடையாது, வெலையும் கம்மி. நான் மண் சட்டி பக்கம் தான், பழமைக்காக இல்ல, மண் சட்டி அதிக தண்ணிய தானே உறிஞ்சி வெளிய விட்டுரும், பிளாஸ்டிக்ல அது நடக்காது. பேசின் தான் வசதின்னா அடில கம்பிய சூடு பண்ணி ஏழெட்டு ஓட்டை போட்டுருங்க. ஓட்டை இல்லாத பேசின்ல போட்ட பாரி மூணாம் நாள் நாத்தம் எடுக்கும், இது எழுதி வச்ச மாதிரி நடக்கும். தெர்மாகோல் டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம், கடைசில அது கண்மாய்ல தான் மிதக்கும்.

ஒரு அடி அகல சட்டிக்கு கால் கிலோ பயறு தாராளம். அத விட கூட போட்டா நெருக்கமா அழகா வரும்னு நெனப்பாங்க, வரும், நாலு நாள் வரைக்கும். அப்பறம் உள்ள காத்து போகாம நடுவுல வெந்து போயிரும்.

மண்ணுக்கு கண்மாய் கரம்பை (கண்மாய் அடில படியிற வண்டல்) ஒரு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு, நல்லா காஞ்சு பொடிஞ்ச மாட்டெரு இல்ல ஆட்டுப்புழுக்கை ஒரு பங்கு. வெறும் கரம்பை இறுகிரும், வெறும் மணல் ஒரு மணி நேரத்துல காஞ்சுரும். எரு பச்சையா இருக்கவே கூடாது, சூடு ஏறி முளைய பொசுக்கிரும், புழுவும் வரும். டவுன்ல கரம்பைக்கு எங்க போறதுன்னா தென்னை நார்க்கழிவு கட்டி நர்சரில விக்கிறாங்க, அத ஊற வச்சு பிழிஞ்சு மண்ணோட சரிபாதி கலந்துக்கங்க. இதுல ஒரு லாபமும் இருக்கு, கனம் கொறையும். ஒரு அடி சட்டில மூணு விரக்கட (விரல் அகலம்) ஈர மண்ணு நெறைச்சா சட்டியோட சேத்து எட்டு பத்து கிலோ வந்துரும், அத தலைல வச்சுகிட்டு ஊர் சுத்தி வரணும்ங்கிறத இப்பவே நெனச்சுக்கங்க. சின்ன புள்ளைக்கு சின்ன சட்டி, அவ அழுதாலும் பெருசு குடுக்காதீங்க.

சட்டி அடில ஒரு கைப்பிடி வைக்கோல் பரப்பி, அதுக்கு மேல ரெண்டு மூணு விரக்கட மண்ணு. ஓரத்துல இருந்து ஒரு விரக்கட பள்ளமா இருக்கணும், தண்ணி தெளிச்சா வழியாம இருக்க.

முத்து போடுறது

மொச்சைக்கு தோல் தடிப்பு, மொத நாள் காலையிலயே ஊற போட்டுருங்க, தண்ணிய ஒருக்கா மாத்துங்க. தட்டாம்பயறு மத்தியானம், பாசிப்பயறு ராத்திரி. எல்லாத்தையும் ஒண்ணா ஊற வச்சு ஒண்ணா போட்டா பாசிப்பயறு மொத ஆளா ஓடி, மொச்சை எந்திரிக்கும்போது இது தளந்து சாஞ்சு கெடக்கும். மறுநாள் காலைல மெதக்குற சொத்தையெல்லாம் அள்ளி போட்டுட்டு வடிச்சு, ஈரத்துணில மூட்டை கட்டி வைங்க. சாயங்காலம் முத்து போடும்போது வெள்ளையா மூக்கு எட்டிப் பாத்திருந்தா சரியான பருவம். நீளமா வேர் விட்டுட்டா பரப்பும்போது ஒடிஞ்சுரும்.

மண்ண மொதல்ல நனைச்சுட்டு, பயற ஒரே அடுக்கா பரப்புங்க. ஒண்ணு மேல ஒண்ணு குவியக் கூடாது. மேல பொடி எரு அரை விரக்கட அளவுக்கு தூவி, அதுக்கு மேல லேசா வைக்கோல் மூடி, மஞ்சத்தண்ணிய கையால தெளிங்க. குலவை போட்டு, சாமி கும்பிட்டு, சட்டில யாரு வீட்டுதுன்னு அடையாளம் கட்டி உள்ள வச்சுருவாங்க. அடையாளத்துக்கு கலர் துணி வேண்டாம், ஈரத்துல சாயம் எறங்கும், சட்டி வெளிப்பக்கம் சுண்ணாம்புல நம்பர் போட்டுருங்க, தண்ணி ஊத்துறவங்களுக்கு யாரு வீட்டு சட்டின்னே தெரியாம இருந்தா இன்னும் நல்லது.

இருட்டு வீடு

பாரி வளர்ற வீட்டுக்குள்ள எல்லாரும் போக மாட்டாங்க. பல ஊர்ல மாதவிலக்கு நின்ன ஒரு வயசான அம்மாவோ, பூசாரி வீட்டு ஆளோ, குளிச்சுட்டு ஈரத்துணியோட போய் தண்ணி தெளிச்சுட்டு வருவாங்க. ஆள் கொறைவா போறதுல ஒரு நல்லது இருக்கு, கதவு தெறந்து தெறந்து மூடாம இருட்டு நெலைக்கும், ஒரே கை ஒரே அளவா தண்ணி விடும். ஆனா பொம்பளப் புள்ளைங்க நெழல் பட்டா முளை வாடிரும்னு சொல்றதெல்லாம் வேற, அதுக்கும் பயறுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது.

ஜன்னல், கதவு இடுக்கு எல்லாத்தையும் சாக்கு வச்சு அடைங்க. இருட்டுல முளை வெளிச்சத்த தேடி சடசடன்னு நீளும், பச்சையம் பிடிக்காம வெளிர் மஞ்சளா இருக்கும், அந்த நெறம் தான் முளைப்பாரிக்கு அழகு. எங்கயாவது ஒரு கீத்து வெளிச்சம் உள்ள வந்தா பூராவும் அந்த பக்கம் தலைய சாச்சுக்கும். அடைக்க முடியாத சந்து இருந்தா தினம் சட்டிய கால்வட்டம் திருப்பி வைங்க, நேரா நிக்கும். போன் டார்ச் அடிச்சு போட்டோ எடுத்து குரூப்ல போடுறத ஒரு வாரம் தள்ளி வச்சுக்கலாம்.

இருட்டுன்னா காத்தே இல்லாம அடைக்கிறதுன்னு அர்த்தம் இல்ல. ஓட்டு வீடா இருந்தா பிரச்சனை இல்ல, காத்து தானா வரும். கான்கிரீட் ரூம்னா ராத்திரில மேல் ஜன்னல கொஞ்ச நேரம் தெறந்து வைங்க, இல்லன்னா புழுக்கத்துல வெள்ளையா நூல் நூலா பூஞ்சை ஓடும். வேர்ல இருக்கிற மெல்லிசான வெள்ளை ரோமத்த பாத்து பூஞ்சைன்னு பயந்துராதீங்க, தண்ணி தெளிச்சா வேர் ரோமம் ஒட்டிகிட்டு மறைஞ்சுரும், பூஞ்சை சிலந்தி வலை மாதிரி அப்படியே நிக்கும், வாடையும் அடிக்கும். பூஞ்சை வந்த எடத்த மட்டும் மண்ணோட அள்ளி எடுத்துட்டு ஒரு வேளை தண்ணிய நிறுத்தி வைங்க.

தண்ணி மொத ரெண்டு நாள் காலை சாயங்காலம் கையால தெளிச்சா போதும். மூணாம் நாள் முளை வைக்கோல தூக்கிகிட்டு வரும், அப்ப வைக்கோல பதமா எடுத்துருங்க. அதுக்கப்பறம் மத்தியானமும் ஒரு தடவ சேத்து மூணு வேளை. ஒரு சாண் வந்த பெறகு மேல தெளிக்காதீங்க, தண்ணி கனத்துல சாயும், சொம்பால ஓரமா மண்ணுல விடுங்க. விரல மண்ணுல விட்டு பாத்தா ஈரம் ஒட்டணும், சொட்டக் கூடாது. அளவு அவ்வளவு தான். வீட்டு பெரியவங்க "நல்லா ஊத்து, தண்ணிய குடிச்சாத்தான் வளரும்"பாங்க, சரிங்கத்தான்னு சொல்லிட்டு அளவா ஊத்துங்க.

இப்ப யாரும் சொல்லாத ஒரு விஷயம். பூஜைக்கு வாங்குன வாழைத்தார அந்த ரூம்ல வைக்காதீங்க. பழம் பழுக்கும்போது எத்திலீன்னு ஒரு வாயு விடும், அது இருட்டுல வளர்ற முளைய கட்டையாக்கி தடிக்க வச்சு கோணலாக்கிரும். 1901ல ரஷ்யால நெல்யுபோவ்ங்கிறவர் பட்டாணி முளை லேப்ல ஏன் கோணலா வளருதுன்னு பாக்கப் போய், விளக்கு எரிக்கிற கேஸ்ல இருந்த எத்திலீன் தான் காரணம்னு கண்டுபிடிச்சார். நம்ம ஊர்ல அதே கோணல் முளைய பாத்தா வேற கதை கட்டிருவாங்க. புகையிலயும் இந்த வாயு இருக்கு, அதனால சாம்பிராணி வாசல்ல காட்டிட்டு வந்துருங்க. தணல உள்ள வச்சு கதவ சாத்துறது முளைய விட மனுசனுக்கு ஆபத்து, அடைச்ச ரூம்ல கரிப்புகை ஆள மயக்கிரும், வைக்கோல் வேற சுத்தி கெடக்கும். விளக்கும் வெளிய மாடத்துல எரிஞ்சா போதும்.

எலிக்கு ஊற வச்ச பயறுன்னா உசுரு. மொத நாலு நாள் சட்டி மேல கம்பிவலையோ கவுத்துன மூங்கில் கூடையோ வைங்க. எறும்புக்கு சட்டிய சுத்தி தரைல மஞ்சப்பொடி, அடுப்பு சாம்பல் தூவுங்க. எலிமருந்து வைக்கிற யோசனையே வேண்டாம்.

கும்மி

முத்து போட்ட நாள்ல இருந்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சு பொம்பளைங்க எல்லாரும் கோயில் முன்னாடி இல்ல முளைக்கொட்டுத் திண்ணை முன்னாடி கூடிருவாங்க. ஒரு ஆள் எடுத்து பாடும், மத்தவங்க வாங்கி பாடிகிட்டு வட்டமா சுத்தி குனிஞ்சு நிமிந்து கை தட்டி அடிப்பாங்க, நடுநடுவுல குலவை. கத்துக்கிற வழி ஒண்ணே ஒண்ணு தான், நல்லா அடிக்கிற ஒரு அத்தைக்கு பின்னாடி நின்னுக்கங்க, மொத நாள் காலடிய மட்டும் பாருங்க, கை மறுநாள் தானா வந்துரும். வேகமா அடிக்கிற சின்ன புள்ளைங்க வட்டம் தனியா இருக்கும், அதுல மொத நாளே போய் நின்னா முட்டிக்கிட்டு விழுவீங்க.

இப்ப நெறைய ஊர்ல ஸ்பீக்கர்ல பாட்டு போட்டு அதுக்கு ஆடுறாங்க. மழைக்கு, ஆடு மாட்டுக்கு, ஊர்ல வாழ்ந்து போனவங்க பேர சொல்லி பாடுற பாட்டெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் தனி, அது யூடியூப்ல கெடைக்காது, எடுத்து பாடுற அப்பத்தாக்கு வயசு எழுபது எம்பது இருக்கும். போன்ல ரெக்கார்ட் பண்ணிருங்க, ஆனா கும்மி நடுவுல பண்ணா கைதட்டு தான் கேக்கும். பகல்ல அவங்க வீட்டு திண்ணைல உக்காந்து, வெத்தலை வாங்கி குடுத்து, "ஏத்தா, அந்த மழைப் பாட்ட ஒருக்கா சொல்லுங்க"ன்னு கேட்டு எடுங்க. ஒரு வரி மறந்தா பக்கத்து வீட்டு அம்மாச்சிய கூப்பிட்டு உக்கார வைங்க, ரெண்டு பேரும் சண்டை போட்டே முழுப் பாட்டையும் கொண்டு வந்துருவாங்க.

பாரி தூக்குறது

எடுக்குற நாளுக்கு முந்தின ராத்திரியோட தண்ணிய நிறுத்திருங்க, காலைல லேசா ஓரத்துல தெளிச்சா போதும், கனம் கொறையும், மண்ணு கழுத்துல ஒழுகாது. வெளிய எடுத்த சில மணி நேரத்துலயே இலை நுனில பச்சை ஏற ஆரம்பிக்கும், மஞ்சளா தான் வேணும்னா சாயங்காலம் வரைக்கும் உள்ளயே வைங்க. வெளிய கொண்டு வந்ததும் மொத வேலை, சட்டி விளிம்புல இருந்து முளைய சுத்தி வாழை நார்ல ரெண்டு கட்டு, கீழ ஒண்ணு மேல ஒண்ணு. இறுக்காதீங்க, ஈரமான நாரா இருக்கட்டும், நூல் கட்டுனா தண்டு அறுத்துரும். நடுவுல ஒரு குச்சி நட்டு அதுல பூச்சரம் சுத்தலாம். அரளி, செவ்வந்தி எதுவா இருந்தாலும் பூவ முளை மேல பாரமா ஏத்தாதீங்க. ஜிகினா பேப்பர், பிளாஸ்டிக் பூ வேண்டாம், தண்ணில கரைக்கும்போது அத உருவி எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

சும்மாடு பருத்தித் துணில தடிமனா சுத்துங்க, பட்டுச்சேலை முந்தானை வழுக்கும். வெயில்ல வெறுங்கால்ல நடக்குற ஊர்வலம்னா தெருவுல முன்னாடியே தண்ணி அடிச்சு வைக்க கமிட்டிட்ட சொல்லுங்க, வயசானவங்களும் மாசமா இருக்கிறவங்களும் நடுவுல எறக்கி வைக்க ரெண்டு எடத்துல பெஞ்சு போட்டா நல்லது. கூட ஒருத்தர் வெறுங்கையோட வரணும், கை மாத்தி தூக்க. புருசன் இல்லாதவங்க தூக்கக் கூடாதுன்னு இன்னும் சில ஊர்ல வச்சிருக்காங்க, பல ஊர்ல அது தானா மறைஞ்சுருச்சு, எங்க பக்கம் அப்படி தூக்குனதால எந்த வருஷமும் மழை நின்னு போகல.

கோயில்ல எறக்கி வச்சு, சுத்தி கும்மி அடிச்சு, சில ஊர்ல ஒரு ராத்திரி அங்கயே தங்கும். மறுநாள் கண்மாய், ஊருணி, ஆறு எது இருக்கோ அங்க கொண்டு போவாங்க. பூ, நூல், குச்சி எல்லாத்தையும் கரைலயே எடுத்துட்டு, முளைய மட்டும் மண்ணோட கவுத்து தண்ணில விடுங்க. பங்குனில பாதி ஊருணி வத்திப் போய் சேறா கெடக்கும், அதுல எறங்கி மாட்டிக்காதீங்க, கரைல ஒரு தொட்டி வச்சு அதுல கரைச்சு அந்த தண்ணிய கோயில் மரத்துக்கு ஊத்திரலாம். ஆத்துல தண்ணி ஓடுனா புள்ளைங்கள மொழங்காலுக்கு மேல எறங்க விடாதீங்க. ஆடிப்பெருக்கு நேரத்துல இது ரொம்ப முக்கியம், தண்ணி வேகம் மேல இருந்து பாத்தா தெரியாது.

ஒரு கைப்பிடி முளைய எடுத்துட்டு வந்து வயல்ல போடுறது, மாட்டுக்கு குடுக்குறது பல வீட்ல வழக்கம். பயறு முளைன்னா தாராளமா குடுங்க. சோளம் கலந்திருந்தா ஆடு மாட்டுக்கு காட்டாதீங்க, இளஞ்சோளத்துல சயனைடு விஷம் உண்டு, இளஞ்சோளக் காட்டுல மேஞ்ச மாடு சுருண்டு விழுறது விவசாயிங்களுக்கு தெரிஞ்ச கதை தான், முளைப்பருவத்துல அது இன்னும் கூட. சோளத்த தனியா பிடுங்கி தண்ணில விட்டுட்டு மிச்சத்த மட்டும் வீட்டுக்கு கொண்டு போங்க.

மண் சட்டிய கழுவி வெயில்ல ரெண்டு நாள் காய வச்சு பரண்ல ஏத்திருங்க, ஈரத்தோட அடுக்குனா அடுத்த வருஷம் பூஞ்சை அதுல இருந்தே ஆரம்பிக்கும். மீந்த விதைய நல்லா காய வச்சு, வேப்பிலையோட காத்து போகாத டப்பால போட்டு, மேல வருஷத்த எழுதி ஒட்டி வைங்க. அடுத்த தடவ அத போடுறதுக்கு முன்னாடி 100 எண்ணி ஈரத்துணி டெஸ்ட் மறுபடியும் பண்ணணும்.